பின்தங்கி வரும் பூசை

கோயில் மணி சன்னல் வழியாக முதலில் வந்துவிட்டது. போனில் பூசை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பீடத்தில் இரண்டு மெழுகுதிரியும் பக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிற பழைய ஃபேனும்தான் தெரிகின்றன, பங்குச் சாமியார் கஸ்பார் சாமியைக் காணோம். தினமும் இப்படித்தான். எங்கள் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் இரண்டே தெரு, உரக்கக் கூப்பிட்டால் கேட்கிற தூரம், ஆனால் அங்கே நடக்கிற பூசை ஆகாயத்துக்குப் போய் எங்கெங்கோ சுற்றிவிட்டுத்தான் என் கையிலிருக்கிற போனுக்கு வந்து சேருகிறது. முதல் நாள் மருமகளிடம் சண்டையே போட்டேன், என்ன போன் இது பிரின்சி, மணி அடித்து எவ்வளவு நேரமாகிறது, சாமி இன்னும் தூங்குகிறாரா என்று. அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள். லைவ் என்றாலும் கொஞ்சம் பின்னால்தான் வரும் அத்தை, உலகத்துக்கே அப்படித்தான் என்றாள். இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. டம்ளர் தரையில் படுகிற சத்தம் கேட்டது, கூடவே வரவேண்டிய 'அத்தை, காப்பி' வரவில்லை. நான் முகத்துக்குத் துணியைக் கட்டிக்கொண்டு கதவைத் திறப்பதற்குள் போய்விட்டாள். மருமகள் என்றால் எந்நேரமும் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கவேண்டும் என்று சட்டமா. ஞாயிற்றுக்கிழமை வேலையெல்லாம் ஒற்றை ஆளாகப் பார்க்கிறாள், அலுப்பாக இருக்கும். எனக்குக் காப்பியின் மணமும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை, சூடு மட்டும்தான் தெரிகிறது. இந்தக் கொரோனா வந்ததிலிருந்து காப்பி குடிப்பதும் வெந்நீர் குடிப்பதும் ஒன்றுதான். குடித்து முடித்து டம்ளரைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் கரையாத சீனி. எனக்குச் சுகர் வந்த நாளிலிருந்து என் காப்பியில் ஒரு பொட்டுச் சீனி விழாமல் காவல் காக்கிறவள் பிரின்சி. கல்யாண வீட்டில் நான் லட்டை எடுத்தால் அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் கை நீட்டிப் பிடுங்கிவிடுவாள். அவள் கை சீனி போட்டிருக்கிறது. தூக்கக் கலக்கம், வேறென்ன. அப்படித்தான் இருக்கும்.

சாமி வந்துவிட்டார். முகக்கவசத்தைக் கழற்றி அங்கியின் பைக்குள் வைக்கிறார். என் வீட்டுக்காரர் இங்கே இருந்தால் இந்நேரம் குளியலறையில் பாடிக்கொண்டிருப்பார். பூசைக்கு நேரத்துக்குப் போனதாகச் சரித்திரமே கிடையாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர், கப்பல் வந்து நிற்கிற நேரத்துக்கு ஒரு நாள் பிந்தினதில்லை, ஆனால் ஆண்டவர் மட்டும் காத்திருக்கவேண்டும். நான் முன்னால் போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அல்லேலூயா பாட்டு முடிகிற நேரத்தில் பக்கவாசலில் செருப்புச் சத்தம் கேட்கும், திரும்பிப் பார்க்கவே வேண்டாம். பிரசங்கம் ஆரம்பித்தால் அந்தச் செருப்பு டீக்கடைப் பக்கம் போகும். நான் வீட்டுக்கு வந்து கத்தினால், 'ஏட்டி மெட்டில்டா, என் அடக்கப் பூசைக்கு மட்டும் நான் உனக்கு முந்தியே வந்துருவேன், நீ பார்த்துக்கிட்டே இரு' என்பார். என்ன பேச்சு இது, வாயைக் கழுவுங்கள் என்று சொல்வேன். இப்போது எதற்கு அது ஞாபகத்துக்கு வருகிறது. ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்கு அவரேதான் ஏறினார். தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் போட்டுக்கொண்டு வந்த பையன்கள் கை கொடுத்தபோது, கிட்ட வராதீங்கடே, நானே ஏறிக்கிடுவேன் என்றார். தெருவே கேட்கிற குரல். கிரேனுக்குள் உட்கார்ந்து கத்திக் கத்தி வந்த குரல், வீட்டில் உப்புக் கேட்டாலும் துறைமுகத்துக்கே கேட்கும். ஏறினவர் ஜெபமாலையை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். இதோ அது என் மடியில்தான் இருக்கிறது. எங்கள் மகன் அன்றோ, பாவம், ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடக்கிறான், உள்ளே விடமாட்டார்கள், நர்சம்மா யாராவது இரக்கப்பட்டால் போனை உள்ளே கொடுத்து அனுப்புவான். அப்படித்தான் கடைசியாக, கடைசியாக என்று ஏன் சொல்கிறேன், போன தடவை, வியாழக்கிழமை, முகம் பார்த்தேன். வாயையும் மூக்கையும் மூடி ஒரு குழாய். குரல் இல்லை. அந்தக் குரல் இல்லாத இவரை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, ஊசி குத்தின கையையும் மற்றக் கையையும் மெல்லச் சேர்த்துக் கும்பிட்டார். தோத்திரம் சொல்கிறாராம். அது எங்களுக்குள் ஒரு கூத்து. சாமியாரைக் கண்டால் நாம் தோத்திரம் என்போம், அவர் ஆசீர்வாதம் என்பார் இல்லையா, இவர் அதை எனக்குச் சொல்வார், இந்த வீட்டுக்குப் பெரிய சாமியார் நீதான் என்று. பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரத்தில், ஊரெல்லாம் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஆண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, 'தோத்திரம்' என்று ஒரு சத்தம். பிள்ளைகள் எல்லாம் சிரிக்கும். நான் முறைப்பேன். ஆசீர்வாதம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, யாராவது புருஷனுக்கு அப்படிச் சொல்வார்களா. வியாழக்கிழமை நான் முறைக்கவில்லை. சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் நர்சம்மா போனைத் திருப்பிக்கொண்டாள், மேற்கூரை தெரிந்தது, அவ்வளவுதான்.

சிலுவை அடையாளம். சாமி இன்றைக்கு வேகமாகப் போகிறார். இனி நோயாளிகள் பெயரை வாசிப்பார். இந்த இடத்தில்தான் நான் முட்டிக்கால் போடுவது, இதற்காகத்தான் விடிவதற்குமுன் எழுந்து குளித்துச் சேலை மாற்றிக்கொள்வது. உடல்நலம் பெற நாம் மன்றாடும் நம் பங்கு மக்கள் என்பார், என்றதும் முதல் பெயர் இவருடையது, தஸ்நேவிஸ் மச்சாது. இப்போது படுத்திருப்பவர்களில் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் இவர்தானே. ஆயுசில் எதிலும் முந்தாதவர் இதில் முந்திக்கொண்டார். சாமி சொல்கிறபோது அந்த மச்சாதுவைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார், எனக்கு நெஞ்சுக்குள் தண்ணீர் ஊற்றினது போல இருக்கும், அன்றைய பொழுதுக்கு அது போதும். உடல்நலம் பெற நாம் மன்றாடும் நம் பங்கு மக்கள். தொண்டையைச் செருமுகிறார். டெய்சி டீச்சர். டெய்சி டீச்சரா? அப்புறம் மேலத்தெருப் பெரியவர். அப்புறம் யாரோ ஒரு கைக்குழந்தை. அப்புறம் பாட்டு வந்துவிட்டது. இல்லை, இதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. சில சமயம் இந்தப் போனில் ஒரு வட்டம் வந்து சுற்றும், சுற்றுகிற நேரத்தில் ஒரு வரி இரண்டு வரி போய்விடும். வட்டம் வந்ததா? நான் கண்ணை மூடியிருந்தேன். வந்திருக்கும். பிரின்சி சொல்லிக்கொடுத்திருக்கிறாள், கீழே இருக்கிற கோட்டில் விரலை வைத்துப் பின்னால் இழுத்தால் போனது திரும்ப வரும். இழுக்கிறேன். விரல் வழுக்கி ரொம்ப தூரம் போய்விட்டது, மறுபடியும் மெழுகுதிரியும் ஃபேனும். இருக்கட்டும். மறுபடியும் சாமி வருகிறார், கவசத்தைக் கழற்றுகிறார், சிலுவை அடையாளம். நம் பங்கு மக்கள். செருமல். டெய்சி டீச்சர். வட்டம் இல்லை. இன்னொரு தரம் இழுக்கிறேன். செருமல். டெய்சி டீச்சர். அந்தச் செருமலுக்குள் ஒரு பெயர் வைக்கிற அளவுக்கு இடம் இருக்கிறது, ஆனால் பெயர் இல்லை.

சரி, பதறக்கூடாது. மூச்சை இழுத்துவிடு மெட்டில்டா, விரலில் அந்த ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டிக்கொண்டால் இப்போது நம்பர் இறங்கித்தான் காட்டும். யோசித்துப் பார்த்தால் இது நல்ல சேதியாகக்கூட இருக்கலாம். ஐ.சி.யூவிலிருந்து வார்டுக்கு மாற்றியிருப்பார்கள். அன்றோ ராத்திரியே சாமிக்குச் சொல்லியிருப்பான், அப்பாவுக்குப் பரவாயில்லை சாமி என்று, சாமியும் பெயரை எடுத்திருப்பார். போன வாரம் ஐஸ் கம்பெனிக்காரர் குணமாகி வந்ததும் அவர் பெயரை எடுத்துவிட்டார் இல்லையா. அப்படியென்றால் எனக்கு ஏன் முதலில் சொல்லவில்லை. சந்தோஷத்தை ஒளித்துவைத்து, இவரையே கூட்டிவந்து வாசலில் நிறுத்தி, அத்தை யார் வந்திருக்கா பாருங்க என்று சொல்கிற திட்டமாக இருக்கும், பிரின்சிக்கு இந்தக் கிறுக்கெல்லாம் உண்டு. ஒரு தரம் அன்றோவின் பிறந்தநாளுக்கு இப்படித்தான் ஒரு ஏற்பாடு செய்து, அவனைக் கோயிலிலேயே கொஞ்ச நேரம் பிடித்து வையுங்கள் ஃபாதர் என்று கஸ்பார் சாமியிடம் கேட்டுக்கொண்டாள். சாமி அவனைப் பிடித்தார், இரண்டு நிமிஷம் மழையைப் பற்றிப் பேசினார், அப்புறம் நேராகவே சொல்லிவிட்டார்: 'ஒங்க வீட்டுல கேக் வாங்கி வச்சிருக்காங்க, நான் ஒன்ன நிப்பாட்டி வைக்கணுமாம்.' அவ்வளவுதான் அவருக்குச் சாமர்த்தியம். வாயில் பொய் நிற்காத மனுஷர். பேசினால் உண்மை வந்துவிடும், அதனால் தப்பிக்கவேண்டுமென்றால் பேசாமல் இருந்துகொள்வார். சாமியார் வேலைக்கு அது நல்ல குணம், பிறந்தநாளுக்கு ஆகாது. நான் ஏன் இதை நினைக்கிறேன். காலையில் பிரின்சி பீரோச் சாவி கேட்டதை நினைக்காமல் இருப்பதற்காக இதை நினைக்கிறேன். விடியும்முன் கதவைத் தட்டினாள். 'அத்தை, பீரோச் சாவி எங்க வச்சிருக்கீங்க? மாமாவோட ஆதார் கார்டு கேக்காங்களாம்.' யார் கேட்கிறார்கள் என்றேன். ஆஸ்பத்திரியில என்றாள். எதற்கு என்றேன். தெரியலை அத்தை என்றாள், அந்த 'அத்தை' பாதியில் நின்றது. நான் சாவியைக் கதவிடுக்கு வழியாகத் தள்ளினேன். வார்டு மாற்றுவதற்கு ஆதார் கேட்பார்களா? கேட்பார்கள். இந்தக் காலத்தில் எதற்குத்தான் கேட்பதில்லை, சிலிண்டருக்கே கேட்கிறார்கள்.

துக்க மணி அடித்திருந்தால் தெரிந்துவிடும். அடிக்கவில்லை. ஆனால் இப்போதுதான் யாருக்குமே அடிப்பதில்லையே. நிறுத்தியதே இவர்தானே. எங்கள் பங்கில் ஒருவர் இறந்தால் பெரிய மணியை விட்டுவிட்டு அடிப்பார்கள், ஒரு அடி, அது காற்றில் கரைந்து போகிறவரை காத்திருந்து அடுத்த அடி. கேட்டதும் தெருவில் நடக்கிறவர் நிற்பார், அடுப்படியில் இருக்கிறவள் கையைத் துடைத்துக்கொண்டு சிலுவை போடுவாள், யாரு, யாரு என்று வீட்டுக்கு வீடு கேட்கும், மணி ஓய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இந்த இரண்டாவது அலை வந்தபிறகு அது ஓயவே இல்லை. ஒருத்தருக்கு அடித்து முடிப்பதற்குள் இன்னொருத்தர். காய்ச்சலோடு வீட்டில் கிடந்தவர்கள் எல்லாம் மணியை எண்ணிக்கொண்டு கிடந்தார்கள், அடுத்தது நமக்கு என்று. கோயில் முற்றத்தில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுப் பங்குப் பேரவை கூடியபோது இவர் எழுந்தார். மைக் வேண்டாம் என்றார், அவருக்கு எதற்கு மைக். படுத்துக் கெடக்கிறவன் காதுல அது விழவேண்டாம் சாமி, சாவப் பத்திச் சொல்லியே சாவடிச்சிரும், நிறுத்திருங்க என்றார். யாரும் மறுக்கவில்லை. மணி அடிக்கிற கோயில்பிள்ளை மட்டும், அவருடைய அப்பா காலத்திலிருந்து அவர்கள் குடும்பம்தான் கயிறு பிடிக்கிறது, தலையைக் குனிந்துகொண்டார் என்று இவர் வந்து சொன்னார். அன்றிலிருந்து பூசைக்கு மணி உண்டு, அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்துக்கு உண்டு, சாவுக்குக் கிடையாது. ஆக, அடிக்காதது ஒன்றையும் சொல்லாது. அடிக்காமலே எத்தனை பேர் போயிருக்கிறார்கள்.

போனில் வாசகம் போய்க்கொண்டிருக்கிறது, ஒன்றும் காதில் ஏறவில்லை. சிவப்புப் புள்ளி ஒன்று கீழே மங்கலாகத் தெரிகிறது, அதைத் தொட்டால் அங்கே இப்போது நடக்கிற இடத்துக்குப் போய்விடலாம் என்று பிரின்சி சொன்னாள். தொடவில்லை. அங்கே என்ன நடக்கிறதோ நடக்கட்டும், எனக்கு மெல்ல வரட்டும். அல்லேலூயா. இவர் நுழைகிற நேரம். அவருடைய தலையணை கட்டிலின் அந்தப் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. இந்த அறைக்குள் என்னை ஒதுக்கியபோது உறையை மாற்றவிடவில்லை நான், பிரின்சி கையுறையோடு வந்தபோது துரத்திவிட்டேன். அவருடைய எண்ணெய் வாசம், வெயில் வாசம், அந்த மலிவான பவுடர். எடுத்து முகத்தில் வைத்துப் பார்க்கிறேன். தினமும் வைத்துப் பார்க்கிறேன். துணி. வெறும் துணி. இருக்கிறது, அதற்குள் இருக்கிறது, எனக்குத் தெரியும், என் மூக்குதான் செத்துவிட்டது. என் மூக்குத் திரும்பி வருவதற்குள் அது போய்விட்டால் என்ன செய்வேன். ஆண்டவரே, இவர் வந்து படுத்தால் புதிதாக வாசம் வந்துவிடும், வரட்டும், இந்தக் கட்டிலில் வந்து படுக்கட்டும், பிரசங்கத்துக்கு டீ குடிக்கப் போகட்டும், இனி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். பேரம் பேசுகிறேன் பார், மீன் சந்தையில் பேசுகிற மாதிரி. வெளியே தண்ணீர்க் குழாய் திறந்திருக்கிறது. ரொம்ப நேரமாகத் திறந்தே இருக்கிறது. பாத்திரம் உரசுகிற சத்தம் இல்லை, வாளி நிறைகிற சத்தம் இல்லை, சும்மா கொட்டுகிறது. தண்ணீருக்கு அடியில் வேறொரு சத்தம். இந்த ஊரில் தண்ணீரை அப்படி வீணாக்குகிறவள் இல்லை பிரின்சி.

அப்போது சன்னல் வழியாக எழுந்தேற்ற மணி வந்தது. பெரிய மணி, எப்போதும்போல. அங்கே அப்பத்தை உயர்த்திவிட்டார். இங்கே சாமி இப்போதுதான் பிரசங்கத்துக்கு நிற்கிறார், அதையும் இரண்டு பேச்சில் முடித்துவிட்டார். கஸ்பார் சாமி பிரசங்கத்தைச் சுருக்குவதாவது. ஆண்டவர் நம்மோடு இருக்கிறார், அதற்குமேல் இன்றைக்கு என்னால் ஒன்றும் பேசமுடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். திரும்பிப் பீடத்துக்குப் போகிறார், நடை ஒரு மாதிரியாக இருக்கிறது. நான் ஆமென் சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் சொல்கிறேன். கும்பிட்ட கைக்குள் ஜெபமாலை மணி குத்துகிறது. சன்னலில் முன்பே கேட்ட அதே மணி இப்போது போனுக்குள் கேட்கிறது, சின்னதாக, யாரோ டப்பாவுக்குள் தட்டுகிற மாதிரி. இனி இறந்தவர்களை நினைக்கிற இடம். இந்த இடத்தில் நான் எப்போதும் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான், பெயர்கள் வரும், ஒவ்வொரு பெயருக்கும் எனக்கு ஒரு முகம் தெரியும். இன்றைக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறேன். இவர் பெயர் வந்துவிட்டால்? வரவில்லை. முதல் பெயர் யாரோ. இரண்டாவது யாரோ. அப்புறம் சாமி நின்றுவிட்டார்.

வட்டம் இல்லை. வட்டம் சுற்றுகிறதா என்று போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்க்கிறேன், இல்லை. மெழுகுதிரிச் சுடர் ஆடுகிறது. ஃபேன் இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகிறது, பீடத்துணியின் ஓரம் பறந்து அடங்குகிறது. போன் நிற்கவில்லை, சாமிதான் நிற்கிறார். இரண்டு கையையும் பீடத்தில் ஊன்றிக்கொண்டு, குனிந்து, ஒரு பெயர் சொல்கிற நேரம், இரண்டு பெயர் சொல்கிற நேரம், ஒரு ஆளின் ஆயுசையே சொல்லிமுடிக்கிற நேரம் நிற்கிறார். உதடு அசைகிறது. சத்தம் இல்லை. ஓ. ஓ சாமி. பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, செத்தவருக்குச் சுகம் கொடும் என்று ஆண்டவரிடம் கேட்க உமக்கு வாய் வரவில்லை. செத்துவிட்டார் என்று வாய்விட்டுச் சொல்லவும் உம்மை விடவில்லை, என் மகன் வாக்கு வாங்கியிருக்கிறான், அம்மா போன்ல பூசை பாப்பாங்க ஃபாதர், பேரைச் சொல்லிராதீங்க, நான் போய்ச் சொல்லிக்கிடுதேன் என்று கெஞ்சியிருப்பான். அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் என் புருஷனை நடுவில் வைத்துக்கொண்டு நிற்கிறீர். பேசினால் உண்மை வந்துவிடும் என்று பேசாமல் நிற்கிறீர். நீர் பொய் சொல்லத் தெரிந்த சாமியாராக இருந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கும். ஆரம்பத்திலேயே தஸ்நேவிஸ் மச்சாது, உடல்நலம் பெற என்று ஒரு வார்த்தை சும்மாவாவது சொல்லியிருக்கலாம். செத்துப்போய்விட்டார். இவர் செத்துப்போய்விட்டார். சீனியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, சாவி கேட்டபோதே தெரியும், தெரியாத மாதிரி இந்தப் போனைப் பின்னால் இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து கதவைத் திறந்து பிரின்சியைக் கட்டிக்கொண்டு கத்தவேண்டும்போல இருக்கிறது. கத்தமுடியாது, கட்டிக்கொள்ளவும் முடியாது, அவளுக்கும் ஒட்டிவிடும். அழுதால் மூச்சு முட்டும். அதைவிட, பூசை நடக்கிறது. இதுதான் அவருக்குப் பூசை என்று திடீரென்று புரிகிறது. வேறு கிடையாது. கோயிலுக்குக் கொண்டுவர விடமாட்டார்கள். பீடத்தைப் பார்க்கக் கால் நீட்டி நடுவில் வைக்கமாட்டார்கள், தீர்த்தம் தெளிக்கிற கை அவருக்குமேல் நீளாது, வண்டியிலிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும், அங்கே இயந்திரம் தோண்டி வைத்த ஆழக் குழியில் நம் பங்குப் பையன்கள் பிளாஸ்டிக் உடுப்போடு கயிற்றில் இறக்குவார்கள். அன்றோ வேலிக்கு வெளியே நிற்பான். நான் ஒரு பிடி மண் போடமுடியாது. எத்தனையோ டன் சரக்கை அலுங்காமல் இறக்கி வைத்தவரை யார் எப்படி இறக்குவார்களோ. சாமிக்கு இது தெரியும். அதனால்தான் அந்த இடத்தில் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறார், உதட்டுக்குள் அவர் சொன்னது இவர் பெயரைத்தான், பங்கில் ஒருத்தருக்கும் தெரியாமல் என் புருஷனுக்கு அடக்கப் பூசை வைத்துக்கொண்டிருக்கிறார். என் அடக்கப் பூசைக்கு முந்தியே வந்துருவேன் என்றீர்களே. வந்துவிட்டீர்கள். நான்தான் பிந்திவிட்டேன், அங்கே எல்லாம் முடிந்து மெழுகுதிரியை அணைத்திருப்பார்கள், நான் இன்னும் பாதியில் நிற்கிறேன்.

என்னுடைய பழைய பட்டன் போன் சன்னல்கட்டையில் இருந்தது. சாமியின் நம்பரை எனக்குத் தேடத் தெரியும். ஒரு ரிங் முழுசாகப் போகும் முன்னே எடுத்துவிட்டார். எடுத்தவர் ஒன்றும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

'சாமி, நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம்' என்றேன். 'அன்றோக்குக் குடுத்த வாக்கு அப்படியே இருக்கட்டும். மணி மட்டும் அடிக்கச் சொல்லுங்க.'

'மணி வேண்டாம்னு சொன்னதே அவருதானம்மா' என்றார்.

'படுத்துக் கெடக்கிறவங்க காதுல விழவேண்டாம்னு சொன்னாரு. இப்ப படுத்துக் கெடக்கது நான்தான் சாமி. எனக்குக் கேக்கணும்.'

அவர் போனைக் கீழே வைக்கக்கூட இல்லை, கையில் பிடித்துக்கொண்டே நடக்கிறார் போலிருக்கிறது, செருப்பு, கதவு, கோயில்பிள்ளையிடம் ஏதோ தாழ்ந்த குரல். பெரிய போனில் பூசை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கேயும் கஸ்பார் சாமி, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று காலியான பெஞ்சுகளைப் பார்த்துக் கையை விரிக்கிறார். அப்போது விழுந்தது முதல் அடி. சன்னல் கம்பியில் கை வைத்திருந்தேன், கம்பிக்குள் அது அதிர்ந்தது. அது கரைந்து போகிறவரை கோயில்பிள்ளை காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். எதிர்வீட்டு வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு ஒருத்தி நிமிர்ந்து நின்று சிலுவை போட்டாள். யாரு, யாரு என்று தெரு கேட்கத் தொடங்கியது. வெளியே குழாய் நின்றது. பிரின்சி ஓடிவந்து கதவில் மோதினாள், அத்தை, அத்தை என்று அவள் குரல் தரையோடு சரிந்து இறங்கியது. 'நான்தான் அடிக்கச் சொன்னேன் பிள்ள' என்றேன். 'உள்ள வந்துராத. அங்கனயே உக்காந்துக்க, நானும் இங்கன உக்காந்துக்கிடுதேன்.' கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அவளும் சாய்ந்தாள், பலகை கொஞ்சம் அசைந்தது. இரண்டாவது அடி. போனில் சமாதானம் சொல்கிற நேரம் இன்னும் முடியவில்லை. வியாழக்கிழமை கும்பிட்ட அந்தக் கை, ஊசி குத்தின கை, நான் பதில் சொல்லாமல் விட்ட கை. ஜெபமாலையைச் சுற்றின என் கையைத் தூக்கி, அவர் நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிலுவை போட்டேன்.

'ஆசீர்வாதம்' என்றேன், துறைமுகத்துக்கே கேட்கிற மாதிரி.